அந்த செட்டப் ஃபைல் எந்த மெஷினில் உருவானது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மென்பொருள் துறையில் எல்லாம் தானியங்கி ஆகி வருவதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேலை பறிபோகும் கவலையைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மென்பொருளை வெளியிடும் கடைசிக் கட்டமாவது அனுபவமுள்ள ஒருவர் கையில் இருக்கட்டும் என்று முடித்திருக்கிறாரே, அங்கேதான் இடிக்கிறது. பல வருடமாக அந்தக் கடைசிக் கட்டம்தான் என் பிழைப்பு. கை படவே கூடாத இடம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்பது என் கட்சி.

கோவையில் ஒரு சிறு நிறுவனத்தில் இருக்கிறேன். நூற்பாலைகளுக்கும் பம்ப்செட் கடைகளுக்கும் பில்லிங், ஸ்டாக் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். புரோகிராமர்கள் எழுதும் மூலநிரல் அப்படியே வாடிக்கையாளர் கணினியில் ஓடாது. அதை கம்பைலரில் போட்டு இயந்திர மொழிக்கு மாற்ற வேண்டும், லைப்ரரிகளைச் சேர்க்க வேண்டும், வெர்ஷன் எண் பதிக்க வேண்டும், டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு செட்டப் ஃபைலாகக் கட்டி வலைத்தளத்தில் ஏற்ற வேண்டும். 32 பிட் விண்டோஸுக்கு ஒன்று (மில் ஆபீஸ்களில் விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிறதுங்க), 64 பிட்டுக்கு ஒன்று, லினக்ஸ் சர்வருக்கு ஒன்று. இதைத்தான் நாங்கள் பில்ட் எடுப்பது என்போம்.

நான் சேர்ந்த காலத்தில் பில்ட் எடுக்க ஆபீஸில் ஒரே ஒரு கணினி. ஒரு சீனியருடையது. வேறெந்த மெஷினில் முயன்றாலும் கம்பைல் ஆகாது, ஏன் என்று அவருக்கே தெரியாது. 'ஆஃப் செய்யாதீர்கள்' என்று மானிட்டரில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது ஆபீஸ் முழுவதும் அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றது. 2025 செப்டம்பர் 22 அன்று வரி விகிதங்கள் மாறியபோது யாரும் எங்கேயும் நிற்கவில்லை. திருத்தத்தைச் சோதித்து முடித்ததும், மூலநிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் வெர்ஷன் எண்ணோடு ஒரு டேக் (அடையாளச் சீட்டு) போட்டோம். அதைக் கண்டதும் பில்ட் சர்வர் (பில்ட் எடுக்கவென்றே ஓடும் கணினி) வெற்று மெஷின்களை எழுப்பி, எழுதி வைத்த செய்முறைப்படி மூன்று செட்டப் ஃபைலையும் கட்டி, சோதனைகளை ஓட்டி, டவுன்லோட் பக்கத்தில் வைத்துவிட்டது. டீ ஆறுவதற்குள் முடிந்தது.

வேகம் மட்டும் என்றால் இவ்வளவு நீளக் கடிதம் எழுத மாட்டேன். கை பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நைட் கேப்பிடல் கதை போதும். அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஜூலை கடைசியில் புதிய நிரலைத் தன் எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றியவர் ஏழில் காப்பி செய்தார், எட்டாவது விட்டுப்போயிற்று. இரண்டாவது ஆள் யாரும் சரிபார்க்கவில்லை; சரிபார்க்க வேண்டும் என்று எழுதி வைத்த நடைமுறையும் அங்கே கிடையாது. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும், அந்த எட்டாவது சர்வரில் பல வருடமாகச் சும்மா கிடந்த பழைய நிரல் முழித்துக்கொண்டு ஆர்டர்களை அள்ளி வீசியது. முக்கால் மணி நேரத்தில் நஷ்டம் 44 கோடி டாலருக்கு மேல். அந்த ஊழியரைத் திட்டி என்ன பயன்? ஒரே வேலையை எட்டுத் தடவை செய்யச் சொன்னால் எட்டாவது தடவை கவனம் வேறெங்கோ போகும். நம்மில் யாருக்கும் அப்படித்தான்.

கவனக்குறைவாவது பரவாயில்லை. கெட்ட எண்ணம் உள்ள கை என்றால்?

எக்ஸ்இசட் என்ற பெயரை உங்கள் வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஃபைல்களைச் சுருக்கும் சின்னக் கருவி. லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலும் இருக்கும். லாஸ்ஸே காலின் என்ற ஃபின்லாந்துக்காரர் ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை பார்த்து, வெளியீடு செய்யும் உரிமையையும் வாங்கிக்கொண்டார். 2024 தொடக்கத்தில் அவர் வெளியிட்ட 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் ஒரு பின்கதவு இருந்தது. திறவுகோல் வைத்திருப்பவர், தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக அந்தக் கணினிக்குள் நுழைந்துவிடலாம்.

அதை வைத்த விதம்தான் எனக்குத் தூக்கம் கெடுத்தது. கெட்ட நிரலின் பெரும்பகுதி, சோதனைக்கான ஃபைல்கள் என்ற பெயரில் பொதுக் களஞ்சியத்திலேயே கிடந்தது. பார்ப்பவருக்கு வெறும் குப்பை பைட்டுகள். அதைப் பிரித்தெடுத்து நிரலுக்குள் சேர்க்கும் வேலையைத் தொடங்கி வைக்கும் சில வரிகள் மட்டும் களஞ்சியத்தில் இல்லை. அவை வெளியீட்டுக்காகத் தனியே கட்டி ஏற்றிய டார்பாலில் (ஃபைல்களை ஒன்றாகச் சேர்த்த மூட்டை) மட்டுமே இருந்தன. இப்படிக் கட்டும் டார்பாலில் களஞ்சியத்தில் இல்லாத சில ஃபைல்கள் இருப்பது அந்த வட்டாரத்தில் வழக்கம்தான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மைக்ரோசாஃப்டில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் நிபுணர், எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி கூட எடுக்கிறதே என்று குடையப்போய், மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் சோதனைப் பதிப்புகள் வரை போயிருந்த சரக்கு அங்கேயே நின்றது.

களஞ்சியத்தில் இருப்பதை மட்டும் எடுத்து, எல்லோருக்கும் தெரிந்த செய்முறைப்படி, பொதுவான ஒரு மெஷின் அந்த டார்பாலைக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த வரிகளையும் அவர் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைத்திருக்க வேண்டியிருக்கும். அப்போதும் தப்பியிருக்கலாம்தான், ஆனால் அவ்வளவு சுளுவாக அல்ல. "அனுபவமுள்ள ஒருவர் கை" என்று கட்டுரையாளர் சொன்னாரே, ஜியா டானுக்கு அனுபவத்துக்குக் குறைவில்லை.

கட்டுரையாளர் இங்கே என்னை மடக்கலாம். நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருள் செய்யும் சோலார்விண்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தில் பில்ட் தானியங்கிதானே நடந்தது, அங்கே என்ன வாழ்ந்தது? நியாயமான கேள்வி. 2020 டிசம்பரில் வெளிவந்த அந்த விவகாரத்தில் ஊடுருவியவர்கள் புகுந்தது பில்ட் சர்வருக்குள்ளேயே. கம்பைலர் ஓடத் தொடங்குவதைக் காத்திருந்து பார்த்து, ஒரு மூலநிரல் ஃபைலை மட்டும் அந்த நேரத்துக்கு மாற்றி வைத்து, பில்ட் முடிந்ததும் பழையபடி திருப்பி வைத்துவிடும் நிரல் ஒன்றை அங்கே விட்டிருந்தார்கள். களஞ்சியத்தில் தேடினால் ஒரு தடயமும் கிடைக்காது. வெளிவந்த ஃபைலில் நிறுவனத்தின் அசல் கையெழுத்து வேறு. ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்களுக்கு அந்த அப்டேட் போயிற்று. 2025 மார்ச்சில் இன்னொன்று: கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் நடக்கும் பில்ட்களில் 23,000-க்கு மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்திய ஒரு துணைக் கருவியின் டேக்குகளை யாரோ கெட்ட நிரலுக்குத் திருப்பிவிட, பில்ட் சர்வரில் இருந்த ரகசியச் சாவிகள் லாகில் (பில்ட் பதிவேட்டில்) கொட்டின. அன்றிலிருந்து நாங்கள் எந்த வெளிக் கருவியையும் டேக் பெயரால் அழைப்பதில்லை, கமிட் எண்ணை (களஞ்சியத்தில் பதிந்த ஒரு மாற்றத்துக்கே உரிய எண்) முழுதாக எழுதுகிறோம்.

ஆகவே தானியங்கி என்பதாலேயே நம்பச் சொல்லவில்லை. தானியங்கி ஆக்கினால்தான் அதைச் சோதிக்கவே முடியும். எழுதி வைத்த செய்முறை இருந்தால், அதே மூலநிரலை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு இடங்களில் கட்டி, வரும் இரண்டு ஃபைலும் பைட்டுக்கு பைட் ஒன்றா என்று பார்க்கலாம். ஒரு கடையில் வாங்கிய நகையை இன்னொரு கடையில் உரசிப் பார்ப்பது போலத்தான். சோலார்விண்ட்ஸில் இருந்தது போல ஒரு மெஷின் கெட்டிருந்தால், இரண்டாவது மெஷினின் விடை ஒத்துப்போகாது.

சொல்லும்போது சுலபம். முதல் தடவை ஒப்பிட்டபோது எங்களுக்கு எதுவுமே ஒத்துப்போகவில்லை. கம்பைலர் ஓடிய நேரம், ஃபைல்களை டிஸ்க்கிலிருந்து படித்த வரிசை, ஃபோல்டரின் பாதை எல்லாம் செட்டப் ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. எங்கள் மென்பொருளின் 'அபவுட்' பெட்டியில் பில்ட் எடுத்த தேதியும் நேரமும் காட்டும் வரி ஒன்று உண்டு. முதலாளிக்கு மிகவும் பிடித்த வரி. அதற்குப் பதில் கடைசிக் கமிட்டின் தேதியைப் போடலாம் என்று அவரைச் சம்மதிக்க வைத்ததுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. எங்கே கட்டினாலும் ஒரே ஃபைல் வர வேண்டும் என்று டெபியன்காரர்கள் 2013 முதல் உழைத்து வருகிறார்கள். எல்லாக் கருவிகளும் ஒரே தேதியை எடுத்துக்கொள்ள ஒரு பொது வழக்கத்தையும் ஏற்படுத்தினார்கள். அடையாளம் காட்டாமல் இணையம் பார்க்க உதவும் டார் பிரௌசர் அதே வருடம் இந்த முறைக்கு மாறிற்று. கோ என்ற நிரல் மொழியின் கம்பைலர் 2023-இல் வந்த 1.21 முதல் யார் கட்டினாலும் ஒரே பைட்டுகளாக வருகிறது.

கையெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஜூன் முதல் மென்பொருளில் கையெழுத்திடும் சாவியைப் பிரித்தெடுக்க முடியாத வன்பொருளில்தான் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆடிட்டர் ஆபீஸ்களில் பார்க்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கோ கிளவுடில் ஓடும் பில்ட் மெஷினில் அதை எப்படிச் சொருகுவது? பூட்டிய அறையில் ஒரு கணினியில் சொருகி வைத்திருக்கிறோம். இரண்டு இடத்திலும் கட்டிய ஃபைல்கள் ஒத்துப்போன பிறகு, இரண்டு பேர் சம்மதம் கொடுத்தால்தான் அது கையெழுத்துப் போடும். மனிதருக்கு இடம் அங்கே: போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது. ஃபைலைத் தொடுவது அல்ல.

இதையெல்லாம் செய்தித்தாளுக்கு எழுதக் காரணம் உண்டு. ஒரு கூட்டுறவுச் சங்கத்தார் எங்களிடம் வந்தார்கள். மூலநிரலையும் ஒப்படைக்க வேண்டும் என்று அவர்களின் டெண்டரில் ஷரத்து இருந்தது, சிடியும் பீரோவில் பத்திரமாக இருந்தது. மென்பொருளைச் செய்து கொடுத்த நிறுவனம் மூடியாயிற்று. கம்பைல் செய்து பார்த்தால் லைப்ரரிகளில் பாதியைக் காணோம், எந்த கம்பைலர், எந்த வெர்ஷன் என்று ஒரு குறிப்பும் இல்லை. அவை யாருடைய மெஷினில் இருந்தனவோ அந்த மெஷின் இப்போது எந்தக் காயலான் கடையிலோ. காகிதத்தில் ஷரத்து நிறைவேறிவிட்டது. பழைய மென்பொருளில் ஒரு வட்டி விகிதத்தைக்கூட அவர்களால் மாற்ற முடியவில்லை.

மாநில அரசுத் துறைகளும் சங்கங்களும் டெண்டரில் இப்படி எழுதட்டும்: ஒப்படைக்கும் நாளில், வாங்குபவர் முன்னிலையில், புதிதாக இயங்குதளம் ஏற்றிய கணினியில், ஒரே கட்டளையில் பில்ட் ஆக வேண்டும். வரும் ஃபைல், கையெழுத்து நீங்கலாக, பயன்பாட்டில் இருப்பதோடு பைட் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். அதுவரை கடைசித் தவணை கிடையாது. இதற்குப் பெரிய செலவில்லை. நேர்மையாகச் செய்பவர்களுக்கு அரை நாள் வேலை.

உங்கள் இதழுக்கும் ஒரு கோரிக்கை. எங்கள் வாடிக்கையாளர்களில் சில மில்களின் ஆபீஸ் கணினியில் இன்டர்நெட் கிடையாது. செட்டப் ஃபைல் பென்டிரைவில் கை மாறி கை மாறித்தான் போகிறது. நடுவில் யார் என்ன சேர்த்தார்கள் என்று அக்கவுண்டன்டுக்கு எப்படித் தெரியும்? எந்த ஃபைலுக்கும் எஸ்ஹெச்ஏ-256 முறையில் 64 எழுத்துகளில் ஒரு ஹாஷ் கணக்கிடலாம், ஒரு பைட் மாறினாலும் ஹாஷ் அடியோடு மாறிவிடும். கணக்கிட விண்டோஸிலேயே செர்ட்யூடில் என்ற கட்டளை இருக்கிறது. சரியான ஹாஷ் எது என்று ஒப்பிடத்தான் ஓர் இடம் வேண்டும். அமெரிக்காவில் ஷூரிட்டி என்ற நிறுவனம் 1995 முதல் தன் ஆவணப் பதிவேட்டின் ஹாஷை வாராவாரம் நியூயார்க் டைம்ஸ் சிறு விளம்பரங்களுக்கு நடுவே அச்சிட்டு வந்தது. வலைத்தளத்தைத் திருத்துவது போல, வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த பேப்பரை யாராலும் திருத்த முடியாது. இன்டர்நெட் இல்லாத மில் ஆபீஸுக்கும் உங்கள் பேப்பர் காலை ஆறு மணிக்கு வந்துவிடுகிறது.

முதலாளியிடம் பேசியிருக்கிறேன், மறுக்கவில்லை. 64 எழுத்துகளும் வெர்ஷன் எண்ணும் ஒரு வரியில் அடங்காது, இரண்டு வரி ஆகும். கோவைப் பதிப்பில் வரி விளம்பரத்துக்கு இப்போது என்ன கட்டணம் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கோவை வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம்)