பிஸ்கட் டின்னுக்குள் வைஃபை

சுங்கை சிப்புட், பேராக்.

அன்புள்ள மணியம்,

உன் குரல் பதிவுகளைக் கேட்டேன். முட்டி அறுவைக்குப் பிறகு சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாய் என்று சொன்னதும் வீட்டில் அவளைக் கூப்பிட்டு இன்னொரு முறை போட்டுக் காட்டினேன். கூலிமில் கோயில் மண்டபத்துக்கும் பாலர் பள்ளிக்கும் வைஃபை போடும் பொறுப்பை நீ எடுத்துக்கொண்டது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஏணி ஏறும் வேலையை மட்டும் உன் மகனிடம் விட்டுவிடு. நீ கேட்டதற்குப் போனில் பதில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

“எட்டு ஏபியையும் (வைஃபை அலை பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் பெட்டி) ஒரே மேசையில் பரப்பினால் எதுவும் ஒழுங்காக ஓடமாட்டேன் என்கிறது, அலுமினியத் தாளைச் சுற்றிவிட்டால் சரியாகுமா?” என்று கேட்டாய். சுற்றலாம். ஆனால் அவை ஏன் அடித்துக்கொள்கின்றன என்று முதலில் பார்த்துவிட்டால், தாள் எங்கே உதவும், டின் எங்கே வேண்டும், வெறும் கேபிளே எங்கே போதும் என்று உனக்கே தெரிந்துவிடும்.

இங்கே நம் தமிழ்ப்பள்ளிக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் திரட்டி 12 ஏபி வாங்கியது. என் அக்காள் மகன் குணாவும் நானும் பள்ளி ஸ்டோரில் மேசை போட்டு வேலையைத் தொடங்கினோம். ஒவ்வொன்றிலும் கைப்பேசியில் தெரியும் வைஃபை பெயர்கள் நான்கு: ஆசிரியருக்கு, மாணவருக்கு, அலுவலகத்துக்கு, விருந்தினருக்கு. எல்லாவற்றுக்கும் கரண்டு போன சற்று நேரத்தில் அடுத்த வகுப்பில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்த பாடக் காணொளி நின்று, வட்டம் சுற்ற ஆரம்பித்தது. டீச்சர் எட்டிப் பார்த்தார்.

குணா அங்கேயே தாளை எடுத்துக் கணக்குப் போட்டான். ஒரு ஏபி தன் பெயரை 102.4 மில்லி விநாடிக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டே இருக்கும். நான்கு பெயர் இருந்தால் நான்கையும் தனித்தனியாகச் சொல்லும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்த அறிவிப்புகள் பழைய கருவிகளுக்கும் கேட்கவேண்டும் என்று, பெரும்பாலும் மிக மெதுவான 1 எம்பிபிஎஸ் வேகத்தில்தான் போகின்றன. அந்த வேகத்தில் 300 பைட் அளவுள்ள ஓர் அறிவிப்புக்குச் சுமார் 2.5 மில்லி விநாடி பிடிக்கும். பன்னிரண்டு ஏபி, நான்கு பெயர், மொத்தம் 48 அறிவிப்பு. 48ஐ 2.5ஆல் பெருக்கினால் 120. கையில் இருப்பதோ 102.4 மில்லி விநாடி. எல்லாம் ஒரே சேனலில் நின்றால் பெயர் சொல்லவே நேரம் போதாது, பிறகு பாடம் எப்படி ஓடும்? 2.4இல் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். மூன்றாகப் பிரித்தாலும் ஒவ்வொரு சேனலிலும் 16 அறிவிப்பு, 40 மில்லி விநாடி. ஐந்தில் இரண்டு பங்கு நேரம் ஒருவரும் ஒரு வேலையும் செய்யாமலே கரைந்துவிடும்.

நம் தோட்டத்தில் கிராணியாரின் மோட்டார் சைக்கிள் லயத்துப் பக்கம் திரும்பினாலே உங்கள் அப்பாவின் ட்ரான்சிஸ்டர் கரகரக்கும், ஞாபகம் இருக்கிறதா? ஸ்பார்க் பிளக்கின் பொறி யாரையும் கேட்காமல் எல்லா அலைவரிசையிலும் இரைந்துவிட்டுப் போகும். வைஃபைக்கு அந்தக் குணம் கிடையாது. பேசும் முன் காது கொடுத்துக் கேட்கும், வேறொன்று பேசினால் பொறுத்திருக்கும். அந்த மரியாதைதான் மேசையில் வினையாகிறது. பன்னிரண்டும் ஒன்றுக்கொன்று வழிவிட்டே ஓய்ந்துபோகின்றன.

இன்னொரு சங்கடம், சத்தம். ஒரு ஏபி சாதாரணமாக 100 மில்லிவாட் வரை அனுப்பும், அதாவது 20 டிபிஎம். ஒரு மில்லிவாட்டை 0 என்று வைத்து, பத்து மடங்குக்குப் பத்து கூட்டும் கணக்கு இது. ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் 2.4இல் 40 டெசிபெல் குறைந்துவிடும். பத்து சென்டிமீட்டரில் பக்கத்துப் பெட்டி உட்கார்ந்திருந்தால் 20தான் குறையும், கிட்டத்தட்ட 0 டிபிஎம் நேராகக் காதில் விழும். வாங்கும் பகுதி தாங்கவேண்டிய அளவு என்று வைஃபை விதிமுறை கேட்பது -20 டிபிஎம். பக்கத்துப் பெட்டி அதைவிட நூறு மடங்கு. அந்த இரைச்சலில் ஏபி தன் கைப்பேசியின் மெல்லிய பதிலைத் தவறவிடும். நீ அதைப் பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக்கூட அனுப்பிவிடுவாய்.

எனக்குப் பெரிய பயம் வேறு. புதுப் பெட்டிகள் எல்லாம் தொடக்கத்தில் ஒரே மாதிரிப் பெயரைத்தான் காட்டும். கைப்பேசியில் நீ ஒன்றைத் தொட்டு அமைத்துக்கொண்டிருப்பாய், அது பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மண்டபத்துக்கு எழுதிய அமைப்பு பாலர் பள்ளிப் பெட்டிக்குள் போய் உட்காரும். சேனலையும் சக்தியையும் தானாகவே தேர்ந்தெடுக்கும் கட்டுப்பாட்டு மென்பொருள் இருந்தால், மேசையில் கேட்ட நெரிசலையே நம்பி எல்லாவற்றையும் மிகக் குறைந்த சக்திக்கு இறக்கிவிடும். நெரிசல் மேசையோடு போயிருக்கும், இறக்கிய சக்தி மட்டும் மண்டபத்தின் கூரை வரை கூடவே வரும்.

ஆகவே முதல் வேலை ஏபிக்குள் இருக்கும் ரேடியோவை, அதாவது அலை அனுப்பும் பகுதியை, அணைப்பது. பெரும்பாலான ஏபிகளைக் கேபிள் வழியாகவே முழுக்க அமைக்கலாம். மென்பொருளைப் புதுப்பிப்பது, பெயர், கடவுச்சொல், நிலையான சேனல் எல்லாம் அதிலேயே முடியும். சுவிட்சில் ஒவ்வொன்றாகச் செருகு, அடியில் உள்ள எண்ணைப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டு, பிறகு அடுத்ததை எடு. தொண்ணூறு சதவீத வேலைக்கு மறைப்பே தேவைப்படாது. கழற்றி மாட்டும் ஆன்டெனா உள்ள மாடலாக இருந்தால், அமைக்கும்போது ஆன்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் முனைமூடிகளைத் திருகிவை, சிறு கட்டை மாதிரி இருக்கும். வெறுமனே கழற்றிவிட்டு ஓட்டாதே, போகவேண்டிய சக்தி போக வழியில்லாமல் திரும்பிவிடும்.

மீதிப் பத்துச் சதவீதம்தான் டின்னுக்கு. ரேடியோ உண்மையாகவே ஓடுகிறதா, கைப்பேசி ஒட்டுகிறதா என்று ஏணி ஏறும் முன்னே பார்த்துவிட வேண்டும் அல்லவா. மளிகைக் கடையில் பிஸ்கட்டை எடை போட்டு விற்றார்களே, அந்தப் பெரிய சதுர டின் ஒன்று பாசாரில் கிடைத்தது. கூரையில் பொருத்தும் வட்ட ஏபி அதில் தாராளமாக உட்காரும்.

இதில் நிறையப் பேர் தகட்டின் கனத்தைப் பார்க்கிறார்கள். கனம் பொருட்டே இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அலுமினியத்துக்குள் 2 மைக்ரான்கூட இறங்காது. சமையல் தாளின் கனம் அதைப் போல பல மடங்கு. விஷயம் எல்லாம் இடுக்கில்தான். இந்த அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். மூடிக்கும் டின்னுக்கும் நடுவே அதில் பாதி நீளத்துக்கு, 6 சென்டிமீட்டருக்கு, மெல்லிய கீறல் இருந்தாலே போதும், அந்தக் கீறலே ஓர் ஆன்டெனாவாக மாறிவிடும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு அதில் பாதிக் கீறலே போதும். அதனால் மூடி உட்காரும் விளிம்பில் பெயின்டை உப்புத்தாள் போட்டுச் சுரண்டி, உலோகம் உலோகத்தைத் தொடும்படி செய்தோம். பெயின்ட் இருக்கும்வரை மூடி கண்ணுக்குத்தான் மூடி. பெயின்ட் போனபின் அலுமினியத் தாளை விளிம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டியதும் வெளியே வைத்த கைப்பேசியில் -25 டிபிஎம் சுற்றி நின்ற சிக்னல் அளவு -70க்கு இறங்கியது.

இறங்கியது சந்தோஷம்தான். கேபிளுக்கு ஓட்டை போட்டதும் மறுபடி -50க்கு ஏறிவிட்டது! ஓட்டை சின்னதுதான். கேபிளே குற்றவாளி. உள்ளே இருக்கும் அலை செம்புக் கம்பியில் ஏறி, சுவரைத் தாண்டி, வெளியே நீண்டு கிடக்கும் கேபிள் முழுவதும் பரவிவிடும். இதற்குக் கேபிளின் மேல் ஃபெரைட் என்ற இரைச்சல் தடுப்பு வளையம் மாட்டச் சொல்வார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண வளையம் இவ்வளவு உயரமான அலைவரிசையில் பெரிதாக எதையும் பிடித்து நிறுத்தாது. உறை போட்ட கேபிள் வாங்கி, வெளித்தோலை உரித்து, உள்ளிருக்கும் பின்னல் உறை டின்னின் ஓட்டை விளிம்பைச் சுற்றிலும் தொடும்படி பிடிப்புப் போட்டு இறுக்கினால்தான் அடங்கும். குணா அதை அழகாகச் செய்தான். டின்னுக்கு எர்த் கொடுக்கவேண்டுமா என்று நீ கேட்பாய் என்று தெரியும். இந்தக் காரியத்துக்குத் தேவையில்லை. மூடல் தொடர்ச்சியாக இருந்தால் போதும். மைக்கேல் ஃபாரடே 1836இல் 12 அடிக் கனசதுரமாக ஓர் அறை கட்டி, அதற்கு உலோகத் தாள் பட்டைகள் போர்த்தி, உள்ளே உட்கார்ந்து சோதித்துப் பார்த்த அதே தத்துவம்தான் நம் டின்னிலும்.

கைப்பேசியையும் டின்னுக்குள் வைத்து, லாப்டாப்பில் கேபிள் வழியாக யார் ஒட்டியிருக்கிறார்கள் என்று பார். 5 கிகாஹெர்ட்ஸில் ரேடாரோடு பங்கு போடும் சேனலைத் தந்திருந்தால், ஏபி வாய் திறக்கும் முன் குறைந்தது 60 விநாடி கேட்டுக்கொண்டிருக்கும். உடனே பெயர் தெரியவில்லை என்று பதறாதே. சூடுதான் கவனம். கேபிள் வழியே கரண்டு வாங்கும் சாதாரண ஏபி கிட்டத்தட்ட 13 வாட் வரை இழுக்கும், மூடிய டின்னுக்குள் அது மொத்தமும் சூடாகவே தங்கும். சோதனை முடிந்ததும் திற. இரவு முழுக்க ஓட்டிப் பார்ப்பது என்றால் திறந்த இடத்தில், ஒன்றை மட்டும் வைத்து ஓட்டு. மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைக்கலாமே என்று உன் மகன் சொல்லக்கூடும். அதன் கதவு 2.45 கிகாஹெர்ட்ஸைப் பார்த்துச் செய்தது, 5 கிகாஹெர்ட்ஸ் தப்பிவிடும். அதைவிட முக்கியம், பிளக் செருகியிருக்கும்போது யாராவது பொத்தானைத் தட்டிவிட்டால் ஏபியும் போகும் அடுப்பும் போகும். வேண்டாம்.

ஒரு விஷயம் சொல்லியே ஆகவேண்டும். தேர்வு நேரத்தில் பிள்ளைகளின் கைப்பேசியை அடக்க ஒரு ஜாமர் வாங்கித் தர முடியுமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நம்முடைய கருவியை நாமே டின்னுக்குள் மூடுவது ஒன்று, ஊராரின் அலையை இரைச்சல் போட்டு அடைப்பது வேறு. 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டம் இருக்கிற நாட்டில் அது குற்றம். அவசரத்துக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிடப்போகிறவரின் லைனும் அதில்தான் செத்துப்போகும். கண்டிப்பாக மறுத்துவிட்டேன், உன்னிடமும் யாராவது கேட்டால் மறுத்துவிடு.

மேலே பொருத்திய பிறகு ஒரு துண்டுத் தாளும் மிச்சம் இருக்கக்கூடாது. சக்தியை மேசைக்காகக் குறைத்திருந்தால் அங்கே போய் மறுபடி பார்த்து அமைக்கவேண்டும். நம் ஊர்க் கட்டடங்களில் மறைப்பு ஏற்கனவே நிறைய. தகரக் கூரை, சன்னலெங்கும் இரும்புக் கம்பி, உங்கள் மண்டபத்தைச் சுற்றிச் செம்பனை. மழை பெய்து நனைந்த ஓலை அலையை நன்றாகக் குடிக்கும். கொட்டகைக்கும் மண்டபத்துக்கும் இடையே செம்பனை வழியாக வைஃபை தாண்டும் என்று நம்பாமல் கேபிளை இழுத்துவிடு. சின்ன ஊர்தானே, வைஃபை வந்தால் போதும் என்று எவனாவது அவசரமாக மாட்டிவிட்டுப் போவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். கோலாலம்பூரில் ஒரு வங்கிக்குச் செய்கிற அதே அக்கறை பாலர் பள்ளிக்கும் வேண்டும்.

ஊர்ச் செய்தி கொஞ்சம். நாம் இருந்த லயத்துப் பக்கம் பழைய செம்பனையைச் சாய்த்து மறுநடவு போட்டுவிட்டார்கள், ஆற்றங்கரை வரை வெட்டவெளி. பள்ளிக்கூடத்துச் சின்னத்தம்பி மகளுக்கு ஈப்போவில் தாதி வேலை கிடைத்திருக்கிறது. சந்தைக்குப் பின்னால் இருந்த சீனர் கோப்பிக் கடை மூடிவிட்டார்கள், பெரியவருக்கு முடியவில்லையாம்.

நீ வாங்கிய எட்டும் என்ன மாடல் என்று அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, சிரிம் சான்று ஸ்டிக்கரும் தெரியும்படி. ஆன்டெனா வெளியே இருக்கிறதா, கரண்டு கேபிள் வழியே வருகிறதா தனி அடாப்டரா என்று அதிலேயே தெரிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டுத் திருவிழாவுக்கு வரும்போது குணாவையும் டின்னையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். உறை போட்ட கேபிள் பத்து மீட்டர் நீ வாங்கி வை, இங்கே கடையில் தீர்ந்துவிட்டது.

உன் கூட்டாளி,
சேகர்