போட்ட பதிவுகளுக்கு ஒரு கணக்கு: தொழில்நுட்ப நிறுவனத் தலைவர்களுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரி கடைவீதியில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் மேடையில் காட்டும் புதுமையை நான் ஸ்க்ரூ கழற்றித்தான் பார்க்கிறேன். சில வருடங்களாக உள்ளே பெரிதாக ஒன்றும் மாறவில்லை. கேமரா கொஞ்சம் பெரிதாகிறது, பேட்டரியை ஒட்டும் பசை கொஞ்சம் கெட்டியாகிறது. மாறியிருப்பது உங்கள் பேச்சுதான். முன்பெல்லாம் போன் கம்பெனி முதலாளி பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. இப்போது உங்களுக்கு யாரோடு சண்டை, எந்தக் கட்சி பிடிக்கும் என்பதெல்லாம் டீக்கடை வரை வந்துவிடுகிறது. 2023-ல் எலான் மஸ்க்கும் மார்க் சக்கர்பெர்க்கும் கூண்டுக்குள் இறங்கி மோதப்போவதாக மாறி மாறிப் பதிவு போட்டபோது, கடைக்கு வந்த பையன்கள் பந்தயமே கட்டினார்கள். மோதல் நடக்கவில்லை. பந்தயப் பணம் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

ஓயாமல் பதிவு போடுகிறவரின் கம்பெனியில் புதுமை செத்துவிட்டது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. மஸ்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஆகஸ்டில், பங்கு ஒன்றுக்கு 420 டாலர் என்ற விலையில் தன் டெஸ்லா கார் கம்பெனியைப் பங்குச்சந்தையிலிருந்து எடுக்க யோசிக்கிறேன், பணம் தயார் என்று ஒரு வரி போட்டார். அந்த வரி முதலீட்டாளர்களை ஏமாற்றியது என்று வழக்குப் போட்ட அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்திடம் அவரும் கம்பெனியும் தலா 2 கோடி டாலர் கட்டினார்கள். 2017 நவம்பரில் காட்டிய புதிய ரோட்ஸ்டர் கார் 2020-ல் வரும் என்றார். 2025 முடிந்தபோதும் வாங்கியவர் கைக்கு வரவில்லை. 2019-ல் 39,900 டாலர் என்று சொன்ன சைபர்டிரக் வண்டி, 2023 கடைசியில் வந்தபோது அறிவித்த மிகக் குறைந்த விலையே 60,000 டாலரைத் தாண்டியது.

அதே ஆள் நடத்தும் ஸ்பேஸ்எக்ஸ், 2024 அக்டோபர் 13 அன்று, வானத்திலிருந்து திரும்பி வந்த ராக்கெட்டின் அடிப்பகுதியைக் கோபுரத்தின் இரண்டு கைகளால் பிடித்தது. அந்த அடிப்பகுதியே சுமார் 70 மீட்டர் உயரம்! அதைப் புதுமை இல்லை என்று யார் சொல்ல முடியும்? ராக்கெட் நின்றதா விழுந்ததா என்பதை உலகமே நேரலையில் பார்க்கிறது. அங்கே பதிவு போட்டுச் சமாளிக்க வழியில்லை. காரின் தேதியை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் தள்ளிப்போடலாம்.

அப்புறம், வாயை மூடிக்கொண்டிருந்தால் புதுமை வந்துவிடுமா? மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை யாரையும் வம்புக்கு இழுப்பதில்லை. இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அடிப்படையான டிரான்ஸ்ஃபார்மர் முறையை கூகுள் ஆட்கள் 2017-லேயே கட்டுரையாக எழுதிவிட்டார்கள். ஆனால் அதை வைத்து 2022 நவம்பரில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது இன்னொரு கம்பெனியின் சாட்ஜிபிடி. எங்கள் ஊட்டியில் இந்து நகர் என்று ஒரு இடம் உண்டு. 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் அங்கேதான் இருந்தது. எக்ஸ்ரே பிலிம், கறுப்பு வெள்ளை பிலிம் எல்லாம் செய்தார்கள். அதன் அதிகாரிகள் யாரும் ட்வீட் போடவில்லை. 1990-களிலேயே நலிவடைந்தது, கடைசியில் மூடியும் விட்டார்கள்.

அதே ஊட்டிப் பக்கம் முத்தோரையில், விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. உங்களில் யாராவது சீசனுக்கு வந்தால் தொட்டபெட்டாவை விட்டுவிட்டு அதைப் போய்ப் பாருங்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வானியல் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தார் 1970-ல் கட்டி முடித்தது. ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே 11 டிகிரி சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, அதன் மேல் வடக்கு தெற்காகக் கருவியைப் படுக்க வைத்தார்கள். அதனால் கருவியின் அச்சும் பூமியின் அச்சும் இணையாகிவிட்டன. ஒரே ஒரு அச்சில் சுழற்றினாலே வானத்தில் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடர முடியும். பணம் குறைவு, கம்ப்யூட்டர் வசதி குறைவு. மலையையே இயந்திரத்தின் பாகமாக்கிவிட்டார்கள். இருக்கிற இடத்தின் கஷ்டத்தைப் பார்த்து யோசித்தவர்கள் அவர்கள்.

உங்கள் மேல் எனக்குள்ள குறையே இதுதான். எங்கள் இடத்தின் கஷ்டம் உங்கள் கண்ணில் படுவதில்லை. இங்கே மழைக்காலத்தில் கேமரா கண்ணாடிக்குள் பனி பூத்துக்கொள்ளும். சார்ஜிங் போர்ட் பச்சை பிடிக்கும். டவர் தூரமாக இருக்கும் தேயிலைக் காட்டில் போன் தன் சக்தியைக் கூட்டிக் கூட்டி சிக்னல் தேடியே மதியத்துக்குள் பேட்டரியைத் தீர்த்துவிடும். இதையெல்லாம் சரிசெய்தால் யாரும் லைக் போடமாட்டார்கள். தலைவர் எதற்குக் கைதட்டல் வாங்குகிறாரோ, அந்த வேலைக்குத்தான் கம்பெனியில் ஆளும் பணமும் போகும். நான்கு பேர் கடையிலேயே அப்படித்தான்.

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக்கின் கதை எல்லோரும் பார்த்ததுதான். 2024 அக்டோபரில், சர்வீஸுக்கு வந்து வரிசையாக நிற்கும் ஸ்கூட்டர்களின் படத்தை நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா போட்டார். நிறுவனர் பவிஷ் அகர்வால், உன் காமெடியே ஓடவில்லை என்கிற தொனியில் பதில் போட்டார். அதே மாதம் நுகர்வோர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்திருந்த புகார்கள் 10,644. அதில் 99 சதவீதத்துக்கு மேல் தீர்த்துவிட்டோம் என்று கம்பெனி பிறகு சொன்னது. சரி, அதையே முதல் பதிலாகச் சொல்லியிருக்கலாமே!

பதிவே போடாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் பக்கத்தின் உச்சியில் ஒரு பதிவை நிரந்தரமாகக் குத்திவையுங்கள். எதை, எந்தத் தேதிக்கு, என்ன விலைக்குத் தருவதாகச் சொன்னீர்கள், இன்று அது எந்த நிலையில் இருக்கிறது என்று அதில் இருக்கட்டும். தாமதமானால் காரணம் எழுதுங்கள். பழைய தேதியை மட்டும் அழிக்காதீர்கள்.

இன்னொன்று போன் கம்பெனிக்காரர்களுக்கு. ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் முக்கியமான உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. இங்கே கோயம்புத்தூருக்கு இறங்கினால் எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் டூப்ளிகேட் டிஸ்பிளேதான். அந்த ஒரிஜினல் பாகங்கள் எங்களுக்கு எப்போது, என்ன விலைக்கு வரும் என்று தேதியோடு ஒரு பதிவு போடுங்கள். பிரிண்ட் எடுத்துக் கடையில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு மொபைல் மெக்கானிக்