வயோமிங்கின் பச்சைக்குத் தேதி உண்டு

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, அமெரிக்காவின் வயோமிங் மாநிலம் பற்றிய பயணக் கட்டுரையில் மலையும் காட்டெருமையும் குதிரைக்காரர்களும் நன்றாகவே வந்திருக்கிறார்கள். தண்ணீர் மட்டும் வரவில்லை. ஆற்றோரப் பசும்புல்வெளிகளை இயற்கையின் கொடை என்று கட்டுரையாளர் எழுதியதும் அதனால்தான். அவை வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சிய வயல்கள். கோடையில் அங்கே புல்லை அறுத்து, காயவைத்து, கட்டுக்கட்டாக அடுக்கிக் குளிர்காலம் முழுக்க மாட்டுக்குப் போடுகிறார்கள்.

விண்ட் ரிவர், பிக்ஹார்ன் படுகைகளின் தாழ்வான பகுதிகளில் ஆண்டு மழை பத்து அங்குலத்தைத் தொடாது. தானாக முளைப்பது சாம்பல் நிற சேஜ்பிரஷ் புதர். தண்ணீரெல்லாம் மலைமேல் பனியாகத் தங்கி, மே கடைசியிலும் ஜூனிலும் உருகி மொத்தமாக இறங்கும். ஆகஸ்டில் ஓடை மெலிந்துவிடும். அப்போது மிஞ்சும் நீர் யாருக்கு என்ற வழக்குதான் இந்த மாநில வரலாற்றில் பாதி.

இரண்டாவது படத்தின் கீழே 'மாடுகளுக்கான தண்ணீர்த் தொட்டி' என்று போட்டிருக்கிறீர்கள். மாடு குடித்தாலும் குடிக்கும், ஆனால் அது தொட்டி அல்ல. பார்ஷல் ஃப்ளூம் என்ற அளவுகருவி. கொலராடோவில் ரால்ஃப் பார்ஷல் 1920-களில் உருவாக்கியது. தகரத்திலோ கான்கிரீட்டிலோ செய்து வாய்க்காலுக்குள் பதிப்பார்கள். முன்பக்கம் அகன்று உள்ளே குறுகி, இடுப்பு போன்ற இடத்தில் தரை சட்டென்று சரிந்து, பிறகு மறுபடி விரியும். நீர் அந்த இடுப்பில் வேகமெடுப்பதால், அதற்கு மேல்பக்கத்தில் நிற்கும் ஆழத்தை மட்டும் பார்த்தாலே எவ்வளவு ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். இடுப்பு ஒரு அடி அகலம் என்றால், அளவுகோல் 0.40 காட்டும்போது வினாடிக்கு ஏறக்குறைய 1 கனஅடி ஓடுகிறது. கோலில் ஒவ்வொரு அடியும் பத்துப் பங்காகப் பிரிக்கப்பட்டது. அதை நாலு அங்குலம் என்று படித்தால் கணக்கு கவிழ்ந்துவிடும், 0.40 அடி என்பது 4.8 அங்குலம்.

கருவி பொய் சொல்வதும் உண்டு. குளிரில் மண் உறைந்து உப்பி ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டால் அளவு தப்பும். ஆண்டுதோறும் வசந்தத்தில் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். கீழே வாய்க்காலில் வண்டலோ களையோ அடைத்து நீர் பின்னோக்கி ஏறினாலும் கெடுதிதான். இந்த அளவு ஃப்ளூமில் கீழ்ப்பக்க ஆழம் மேல்பக்க ஆழத்தில் 70 விழுக்காட்டைத் தாண்டினால், ஓடுவதைவிட அதிகமாகவே கோல் காட்டும். வயலுக்குத் தண்ணீர் போதவில்லை, ஏட்டிலோ முழு அளவு என்ற தகராறுகளுக்கு இது ஒரு காரணம்.

இவ்வளவு நுணுக்கமாக அளப்பது ஏன்? நமக்குத் தெரிந்த வாய்க்காலில் தலைமடைக்காரர் கை ஓங்கியிருக்கும், கடைமடைக்காரர் புலம்புவார். வயோமிங்கில் இடம் கணக்கில்லை, தேதிதான் கணக்கு. யார் முதலில் எடுத்துப் பயன்படுத்தினாரோ அவர் உரிமை மூத்தது. ஓடையின் அடியில் 1884 உரிமைக்காரர் இருக்கிறார், மேலே 1907 உரிமைக்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீர் குறைந்து கீழே இருப்பவர் முறையிட்டால், நீர் அலுவலர் வந்து கடைசித் தேதியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு தலைமதகாக அடைத்துக்கொண்டே போவார். தன் நிலத்தை ஒட்டியே நீர் ஓடினாலும் 1907-காரர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பற்றாக்குறையை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளும் முறைப்பாசனம் இந்தச் சட்டத்தில் இல்லை.

இதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் எல்வுட் மீட். 1888-ல் அங்கே பொறியாளராகச் சேர்ந்தார். அதுவரை கவுண்டி (மாவட்ட) அலுவலகத்தில் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தாலே உரிமை. ஆற்றில் ஓடுவதைவிடப் பல மடங்கு அதிகமாகக் கேட்டு எழுதியிருந்தார்கள். 1890-ல் மாநிலமானபோது அரசியல் சாசனத்திலேயே ஓடும் நீரெல்லாம் மாநிலத்தின் சொத்து என்று எழுதவைத்தார். அனுமதி, அளவு, சரிபார்ப்பு என்ற வரிசை அப்போது வந்தது. 70 ஏக்கருக்கு வினாடிக்கு 1 கனஅடி என்பது சட்ட அளவு. வாய்க்கால் கசிவைக் கழிக்காமல் பார்த்தால் நாளொன்றுக்கு நிலம் முழுக்க எட்டரை மில்லிமீட்டர் நிற்கும். ஹூவர் அணையின் லேக் மீட் ஏரி இவர் பெயரில் உள்ளதே.

சட்டத்தில் ஒரு கோணல் உண்டு. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பயன்படுத்தாவிட்டால் உரிமை பறிபோகலாம். அதனால் தேவையில்லாத ஆண்டிலும் மதகைத் திறந்துவிடுகிற ஆசை வருகிறது. விற்பதும் எளிதல்ல. பாய்ச்சிய நீரில் ஒரு பகுதி வடிந்து மறுபடி ஓடைக்கே திரும்பும். அந்த வடிநீரை நம்பிக் கீழே ஒருவர் பிழைப்பார். ஆகவே பயிர் உண்மையில் குடித்த அளவை மட்டும்தான் வேறிடத்துக்கு மாற்ற முடியும். இந்த விதி எனக்கு நியாயமாகவே படுகிறது.

கோடி (Cody) என்ற நகருக்கு மேலுள்ள அணையை, குதிரைச் சாகசக் காட்சிகளால் புகழ்பெற்ற பஃபலோ பில் கட்டியதாக வந்திருப்பதும் பிழை. அவரும் கூட்டாளியும் நீர் உரிமை வாங்கியது உண்மை. கட்டப் பணம் தேறாமல் 1904-ல் அமெரிக்கக் கூட்டரசிடம் விட்டுக்கொடுத்தார்கள். 1910-ல் முடிந்த அந்த 325 அடி வளைவு அணை அன்று உலகிலேயே உயரமானது. பில் பெயர் சூட்டப்பட்டது 1946-ல். அதன் ஹார்ட் மவுன்டன் வாய்க்காலில் கசிவை அடைக்க பென்டோனைட் களிமண் பூசியவர்கள், இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, அங்கே முள்வேலிக்குள் அடைக்கப்பட்டிருந்த ஜப்பானிய அமெரிக்கர்கள். முகாமில் பத்தாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். போர் முடிந்ததும் அந்த வாய்க்கால் பாயும் நிலம் முன்னாள் படைவீரர்களுக்குக் குலுக்கலில் போனது; முகாம் கொட்டகைகளையே பெயர்த்து வந்து பலர் வீடாக்கிக்கொண்டார்கள். கட்டுரையில் இது பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதைவிடப் பெரிய விடுதல், தேதிக் கணக்கில் யாருடைய தேதி முதலாவது என்பது. கிழக்கு ஷோஷோனி பழங்குடி மக்களுக்கு விண்ட் ரிவர் காப்பிடம் (பழங்குடிகளுக்கென ஒதுக்கிய நிலம்) 1868 ஒப்பந்தத்தில் கிடைத்தது. வட அரபஹோ மக்கள் 1878-ல் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். காப்பிடம் உருவான நாளே அதன் நீருரிமைக்கும் நாள் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-லேயே, மொன்டானா வழக்கொன்றில் சொல்லிவிட்டது. ஆனாலும் பிக்ஹார்ன் ஆற்று வழக்கு 1977-ல் தொடங்கி 2014 வரை இழுத்தது. 1988-ல் மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பழங்குடிகளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் ஏக்கர்-அடி, அதாவது சுமார் 22 டி.எம்.சி., 1868 தேதியோடு கிடைத்தது. மறு ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நாலுக்கு நாலு பிரிந்ததால் தீர்ப்பு அப்படியே நின்றது.

எவ்வளவு நீர் என்பதை, எத்தனை ஏக்கர் பாசனம் செய்ய முடியும் என்று கணக்கிட்டே முடிவு செய்தார்கள். அதில் ஒரு பகுதியை மீனுக்காக ஆற்றிலேயே விட்டுவைக்கப் பழங்குடிகள் கேட்டபோது, 1992-ல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆற்றோட்டத்துக்கென்று நீரை ஒதுக்கும் உரிமை 1986 சட்டப்படி மாநில அரசுக்கு மட்டும் என்பது வாதம். வயோமிங்கிலேயே மூத்த தேதிகளில் ஒன்றைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இப்படி.

உங்கள் வரைபடத்தில் யெல்லோஸ்டோன் இருக்கிறது, கோடி நகர் இருக்கிறது. அவற்றுக்குத் தெற்கே 22 லட்சம் ஏக்கருக்கு விரிந்த விண்ட் ரிவர் காப்பிடம் வெறும் வெள்ளைத் தாளாக இருக்கிறது. படக்குறிப்புக்குத் திருத்தம் போடும்போது அதையும் குறித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர் ஒருவர்