பெர்லினில் இருக்கும் பாப்பாவுக்கு

விழுப்புரம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

உன் கடிதத்தை அம்மா இரண்டு தடவை படித்துக் காட்டினாள். மூன்றாவது தடவை நானே கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். நான்கு மாதமாகியும் ஒன்றுமே செய்யவில்லை, ஊர் சுற்றிச் சத்தம் கேட்டுக்கொண்டு அவர்கள் காசில் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. ஃபோனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு அழைப்பு வந்த அன்று "இது வேலையா, படிப்பா?" என்று கேட்டேன். பெரியப்பாவிடமும் மேல்படிப்புக்குப் போயிருக்கிறாள் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். போன வாரம் அவர் வீட்டுக்கே போய்ச் சரியாகச் சொன்னேன். என் மகள் ஒலிக் கலைஞர், ஒரு வருடம் விருந்தாளியாக வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள், தங்க வீடும் மாதச் செலவுக்குப் பணமும் தருகிறார்கள், இசை, இலக்கியம், சினிமா, காட்சிக் கலை எல்லாம் சேர்த்து வருடத்துக்கு இருபது பேர் அளவில்தான் அழைப்பார்கள் என்று. அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அந்தத் திட்டம் எப்படி வந்தது என்றும் படித்தேன். 1961-இல் சுவர் எழும்பியதும் மேற்கு பெர்லின் நாலு பக்கமும் அடைபட்ட ஊராகிவிட்டது. 1963-இல் ஃபோர்டு அறக்கட்டளையின் பணத்தில் வெளிநாட்டுக் கலைஞர்களை அந்த ஊருக்குள் அழைத்துக் குடிவைக்க ஆரம்பித்திருக்கிறார்கள். பிறகு டி.ஏ.ஏ.டி. என்கிற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு அதை எடுத்து நடத்தி வருகிறது. சுவர் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது, அழைப்பு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அடைபட்ட ஊர் வாசலில் நின்று ஆளைக் கூப்பிட்டிருக்கிறது, பாப்பா. வந்து எங்களோடு இரு என்பதுதான் அந்த அழைப்பு. இன்ன தேதிக்குள் இதைச் செய்து காட்டு என்று யாரும் கேட்பதில்லை என்று முதல் மாதம் நீயேதான் எழுதியிருந்தாய்.

நான் மாஸ்டராக இருந்த சின்ன ஸ்டேஷன்களை நினைத்துப் பார். ஒற்றைத் தடம். ராத்திரி டியூட்டியில் எட்டு மணி நேரத்துக்கு மூன்று வண்டி வந்தால் அதிகம். மீதி நேரமெல்லாம், பக்கத்து ஸ்டேஷனோடு சேதி பேசும் டோக்கன் கருவியின் மணிக்குக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பதுதான் வேலை. இரண்டு அடித்தால் பக்கத்து ஸ்டேஷன் லைன் கிளியர் கேட்கிறது, அதாவது வண்டியை அனுப்பலாமா என்று. மூன்று அடித்தால் வண்டி அங்கிருந்து கிளம்பிவிட்டது. நான்கு, போய்ச் சேர்ந்துவிட்டது. ஆறு அடித்தால் தடத்தில் ஆபத்து. அந்த ஆறு அடியை முப்பத்தைந்து வருட சர்வீஸில் இரண்டே முறை கேட்டேன். இரண்டு முறையும் விழித்திருந்தேன். எனக்குச் சம்பளம் கொடுத்தது அதற்குத்தான். குவார்ட்டர்ஸில் தூக்கம் வராமல் என் அறை பெஞ்சில் வந்து படுத்துக்கொள்வாய். உனக்கு ஐந்து வயது. மணி அடிக்கும், கண்ணைத் திறக்காமலே "அப்பா, மூணு" என்பாய். ஒரு நாளும் எண்ணிக்கை தப்பியதில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

பெர்லினின் பழைய ஸ்டேஷன் ஆன்ஹால்ட்டர் பான்ஹோஃபின் ஃபோட்டோவை ரொம்ப நேரம் பார்த்தேன். 1880-இல் திறந்த அவ்வளவு பெரிய ஸ்டேஷனில் முகப்பின் ஒரு துண்டுதான் மிச்சம் நிற்கிறது. போரில் குண்டு விழுந்து, 1952-இல் வண்டி நின்று, பிறகு இடித்தே விட்டார்கள். 1984-இல் அமெரிக்கக் கலைஞர் பில் ஃபொன்டானா, அவரும் உன்னைப் போல அங்கே விருந்தாளியாகப் போனவர்தான், அந்த வெற்று நிலத்தில் ஒலிபெருக்கிகளைப் புதைத்து, கொலோன் நகரின் பெரிய ஸ்டேஷன் சத்தத்தை அதே நேரத்தில் அங்கே கேட்க வைத்தார் என்று எழுதியிருந்தாய். தண்டவாளம் இல்லாத இடத்தில், புல்லுக்கு அடியில், அறிவிப்பும் பிரேக் சத்தமும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணால் பார்த்தால் காலி நிலம், காதுக்கு மட்டும் அது இன்னும் ஸ்டேஷன். அதே போல விழுப்புரம் ஜங்ஷன் சத்தத்தை அங்கே கொண்டு வைக்கலாமா என்று கேட்கிறாய்.

எனக்குச் சத்தத்தைத் தெரியும், கலையை நீதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று சொல்வேன். அந்த ஸ்டேஷனிலிருந்து 1942 முதல் 1945 வரை 9,600-க்கும் மேற்பட்ட யூதர்களை, பெரும்பாலும் வயதானவர்களை, நாஜிகள் தங்கள் தெரேசியன்ஸ்டாட் சிறை முகாமுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தனி வண்டிகூட இல்லை. ஐம்பது பேர், நூறு பேர் என்று ஏற்றி, வழக்கமாக ஓடுகிற பயணிகள் வண்டியில் அவர்களுடைய பெட்டியைக் கோத்து அனுப்பியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு என்னால் ஒன்றை மறக்க முடியவில்லை. அந்த ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மாஸ்டர் லைன் கிளியர் வாங்கியிருப்பார், கொடியோ விளக்கோ காட்டியிருப்பார், நேரத்தைப் பதிவேட்டில் எழுதியிருப்பார். வண்டி நேரத்துக்குப் போனதே என்று நிம்மதியாகக்கூட இருந்திருப்பார். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன், பாப்பா.

கொலோன் சத்தம் அங்கே ஒலித்ததற்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதே நாட்டின் தண்டவாளம், அதே மொழியில் அறிவிப்பு. நம் ஊர் டீக்காரர் குரலும் தமிழ் அறிவிப்பும் அந்த மண்ணுக்கு அடியிலிருந்து வந்தால் வேடிக்கைக்கு நாலு பேர் நின்று கேட்பார்கள், போய்விடுவார்கள். அது போதாது. நம் டோக்கன் மணியை மட்டும் வைத்துப் பார்க்கலாமோ என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று அடி. வண்டி கிளம்பிவிட்டது. போய்ச் சேர்ந்ததென்று சொல்லும் நான்கு அடி வருவதே இல்லை. இது சரிவருமா என்று நீயே முடிவு செய். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு, எனக்கு வருத்தமில்லை. அவசரமும் இல்லை, எட்டு மாதம் பாக்கி இருக்கிறது.

ஒலிக் கலைஞர் கிறிஸ்டினா கூபிஷின் ஹெட்ஃபோனைப் பற்றி எழுதியிருந்தாயே, கம்பியில் ஓடும் மின்சாரத்தைக் காதுக்குச் சத்தமாகக் கொடுப்பது, அப்படி ஒன்றைச் செய்ய முடிந்தால் வரும்போது கொண்டு வா. ரயில்வே மின்கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. இத்தனை வருடம் அதற்கு அடியில் நடந்திருக்கிறேன், அதன் குரலைக் கேட்டதில்லை. ஸ்டாக்ஹோமில் இ.எம்.எஸ். என்கிற மின்னணு இசை ஸ்டுடியோவுக்கு விண்ணப்பிப்பதானால் அதையும் செய். இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

மேம்பாலத்தில் நின்று ஃபோனில் பதிவு செய்ததை நேற்று உனக்கு அனுப்பினேன், பதினோரு நிமிடம் வரும். நடுவில் ஒரு சரக்கு வண்டி போகும். அதில் ஒரு சக்கரம் தேய்ந்து தட்டையாகியிருக்கிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் டக்கென்று அடிக்கும். எத்தனாவது பெட்டி என்று எண்ணிப் பார். நான் எண்ணிவிட்டேன், டியூட்டியில் இருந்த மாஸ்டரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

பருப்புப் பொடி பார்சல் வியாழக்கிழமை போகும். ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா