தை மாதப் பணமும் அஞ்சலக ஆர்.டி.யும்

ஆசிரியர் அவர்களுக்கு,

படிப்பு முடித்து முதல் சம்பளம் வாங்கும் டெல்டாப் பிள்ளைகள் அஞ்சலகத்தில் ஐந்தாண்டு ஆர்.டி., அதாவது மாதந்தோறும் ஒரே தொகை கட்டும் தொடர் சேமிப்பு, போடுவது நல்ல பழக்கம். ஆனால் மேட்டூர் அணை திறந்து உழவு, நாற்று, உரம் என்று வீட்டில் செலவு ஏறியதும் அந்தச் சம்பளமும் வயலுக்குப் போய்விடுகிறது. பாஸ்புக்கைப் புரட்டினால் கடைசி வரவு வைகாசியோடு நின்றிருக்கும்.

ஒரு தவணை தவறினால் 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் அபராதம், அது கட்டிவிடக்கூடியதே. நான்கு தவணை தவறினால் கணக்கு முடங்கும். இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பிக்காவிட்டால் மேற்கொண்டு பணம் போட முடியாது. மூன்று ஆண்டுக்கு முன் மூடவும் முடியாது. அதன்பின் இடையில் மூடினால் இப்போதைய 6.7 சதவீத வட்டி போய், சேமிப்புக் கணக்கின் 4 சதவீதம்தான் கிடைக்கும். மாதம் 1,000 ரூபாய் வீதம் 60 தவணையும் ஒழுங்காகக் கட்டியவருக்கு வருவது 71,000 சொச்சம்.

வெள்ளாமை வீட்டுக்கு ஏற்ற வழி விதியிலேயே இருக்கிறது. சம்பா நெல்லுக்கான கொள்முதல் பணம் தை, மாசியில் வங்கியில் ஏறும்போதே 12 தவணையைச் சேர்த்துக் கட்டிவிடலாம். மாதம் 500 ரூபாய்க் கணக்கென்றால் 6,000 ரூபாயில் 200 ரூபாய் தள்ளுபடி. 6 தவணை கட்டினால் 50 ரூபாய். அடுத்த அறுவடை வரை தவணைக் கவலை இல்லை. முன்பணம் கட்டிய காலம் முடியும்வரை மட்டும் கணக்கை இடையில் மூட முடியாது. ஆகவே இரண்டு மாதச் செலவுக்கான பணத்தைச் சேமிப்புக் கணக்கில் தனியே வைத்துவிட்டு மிச்சத்தைக் கட்டுங்கள்.

1,000 ரூபாய்க்கு ஒரே கணக்கும் வேண்டாம். 500, 300, 200 என்று மூன்றாகப் போட்டால், நெருக்கடியில் சிறியதை விட்டுப் பெரியதைக் காப்பாற்றலாம். சம்பளம் தாமதமாக வருபவர்கள் 16ஆம் தேதிக்குப் பிறகு கணக்கு தொடங்கட்டும். மாதக் கடைசி வேலைநாள் வரை கட்டலாம். 15க்குள் தொடங்கினால் மாதாமாதம் 15தான் கெடு.

அவசரத்துக்குத் தண்டல்காரரிடம் போவதுதான் மனதை அறுக்கிறது. 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வாங்கும் தண்டலில் வட்டி 1,500தானே என்று தோன்றும். அசல் நாளுக்கு நாள் குறைவதைச் சேர்த்துப் பார்த்தால் அது ஆண்டுக்கு 120 சதவீதம். ஓராண்டு முடிந்து 12 தவணை கட்டிய ஆர்.டி.யில் இருப்பில் பாதி வரை கடன் உண்டு, வட்டி, ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம்தான் கூடுதல்.

தை பிறந்ததும் நெல் கொள்முதல் நிலைய வாசல்களில் இந்த முன்பண விதியைத் தமிழில் எழுதித் தட்டி வைக்க அஞ்சல் துறை முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
மன்னார்குடி.