மாப்ள, அந்த 40 பர்சென்ட் விஷயம்

மாப்ள,

தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா? நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன், ஜீனை மாத்துனா 40 பர்சென்ட் கூட வெளையுமாம், நம்ம நெல்லுக்கு எப்ப வரும்னு கேட்டிருந்த. டேய், அது புகையிலைல வந்த கணக்குடா, 2019ல இல்லினாய்ஸ் யுனிவர்சிட்டி ஆளுங்க செஞ்சது, அதுவும் செடியோட எடை, மணி இல்ல.

இலைக்குள்ள ரூபிஸ்கோனு ஒரு என்சைம் இருக்கு, கார்பன் டை ஆக்சைட புடிக்க வேண்டியது, அப்பப்ப ஏமாந்து ஆக்சிஜனைப் புடிச்சிடும், வெயில் ஏற ஏற இது ஜாஸ்தியாகும், அதுல உண்டாகுற கழிவ சரிபண்றதுக்கே செடிக்கு நெறைய தெம்பு போயிடும். அந்த வேலைக்குத்தான் புகையிலைல ஒரு குறுக்குவழி போட்டுக் குடுத்தாங்க. கம்பு, சோளம், கரும்புக்கெல்லாம் இந்தத் தொல்லை ரொம்பக் கம்மி. நெல்லையும் அதுங்க மாதிரி ஆக்கலாம்னு பதினஞ்சு வருஷத்துக்கு மேல முட்டி மோதுறாங்க, இன்னும் யார் வயலுக்கும் வந்து சேரல.

எனக்குப் புடிச்சது இன்னொண்ணு. உச்சி வெயில்ல வர்ற வெளிச்சம் பூராத்தையும் இலையால தின்ன முடியாதாம், மிச்சத்த சூடா வெளிய தள்ளிடும், இல்லன்னா இலை கெட்டுரும். சரி, ஒரு மேகம் மறைக்குது, இல்ல மேல இருக்குற இலை ஆடி கீழ நிழல் விழுது, அப்பயாச்சும் தள்றத நிறுத்தணும்ல, நிறுத்தாது, பழைய நிலைக்கு வர பல நிமிஷம் ஆகும். மோட்டார் கொட்டாய் வாசல்ல உக்காந்து பாத்திருப்ப, காத்தடிச்சா ஒரு நிமிஷத்துல எத்தன தடவ நிழல் மாறுது! அத்தனை தடவையும் நஷ்டம்தான். பழைய நிலைக்குத் திரும்புறத வேகமாக்க மூணு ஜீனைச் சேத்து சோயால வச்சாங்க, 2020ல சராசரியா 24.5 பர்சென்ட் கூட விதை வந்துச்சு.

2021ல மழைல செடி சாஞ்சிருச்சு. வித்தியாசமே கண்டுபுடிக்க முடியல.

இதப் படிச்சதும் உன் சம்பாதான் ஞாபகம் வந்துச்சு. 1966ல ஐ.ஆர்.8 நெல்லைக் குட்டையா கொண்டாந்ததே உரம் போட்டா சாயக்கூடாதுன்னுதான, இப்ப இலைய முறுக்கேத்திட்டு தண்ட மறந்தா எப்படி? நான் ஒண்ணும் வேணாம்னு சொல்லல, ஆனா நாலஞ்சு வருஷம் மழையும் வெயிலும் பாத்துட்டு சொல்லட்டும், அதுவரைக்கும் யாராச்சும் அதிசய விதைன்னு பாக்கெட்ட நீட்டுனா காசு குடுத்துடாத.

பொங்கலுக்கு வரேன். கம்பு ரெண்டு படி எடுத்து வை.

உன்
மச்சான்