பையனை அனுப்பி வை

மாப்ளே,

உன் வாய்ஸ் மெசேஜை ரெண்டு தடவை கேட்டேன். பையன் பிளஸ் டூ முடித்த கையோடு மேடை லைட்டு, சவுண்டு படிக்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், நீ தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாய். திருவிழாவுக்குக் குழாய் ரேடியோ கட்ட வந்தவர் பின்னாடியே நாம் ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுச் சுற்றியதை அவனிடம் சொன்னாயா இல்லையா?

நான் இதில் நுழைந்ததே ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில்தான். 61 நாள் படகு கட்டிக் கிடக்கிறதே, கைச்செலவுக்கு ஆகும் என்று ராமநாதபுரத்தில் ஒரு சவுண்ட் சர்வீஸில் ஒட்டிக்கொண்டேன், அப்புறம் கடலுக்குத் திரும்பவே இல்லை. மைக் சத்தத்தையெல்லாம் கூட்டிக் குறைக்கிற மிக்சரில் கைவைக்கலாம் என்று போனவனை முதலாளி ஏழெட்டு மாதம் கேபிள் சுற்ற வைத்தார், அதுவும் என் சுற்று அவருக்குப் பிடிக்கவில்லை. அப்பா வள்ளத்துக் கயிற்றை ஒரே பக்கமாகச் சுற்றிப் போடுவாரே, எனக்கும் அதே பழக்கம். மைக் கேபிளை அப்படிச் சுற்றினால் முறுக்கு ஏறி உள்ளே இருக்கிற செம்புக் கம்பி நாளடைவில் அறுந்துவிடும். ஒரு வளையம் நேராக, அடுத்ததுக்கு மணிக்கட்டை உள்ளே திருப்பி, மறுபடி நேராக. முனையைப் பிடித்து வீசினால் சிக்கில்லாமல் ஓட வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தபோது அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்குச் சம்பளம் வேற தாரானா?" என்றார்.

நம்ம பக்கத்து உப்புக்காற்று ஒன்றே ஒருத்தனைத் தொழில்காரனாக்கிவிடும். மைக் கேபிள் முனையில் மூன்று பின் இருக்கும், ஒன்று எர்த், மற்ற ரெண்டில் ஒரே சத்தம்தான் நேராகவும் தலைகீழாகவும் போகும், வழியில் ஒட்டிக்கொள்கிற இரைச்சல் மிக்சரில் போய் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடும். ஒரு பின்னில் பச்சை பூத்தால் போதும், "ங்ங்" என்று இரைய ஆரம்பிக்கும். அதனால் தினமும் விடிகாலையில் கண் சொருகினாலும் துடைத்துத்தான் பெட்டியில் வைப்போம்.

ஒரு கூத்து சொல்கிறேன். தேவிபட்டினம் பக்கம் ஒரு ஊரில் விடிய விடிய நாடகம், ஜெனரேட்டரில் ஓட்டம். எர்த் கம்பியை நான்தான் காய்ந்த மணலில் ஒரு சாண் குத்திவிட்டுத் தூங்கப் போனேன். ஆம்ப்ளிபையர் ஏதோ ஒன்றில் கரண்ட் லீக் இருந்திருக்கிறது. மண் மேடையில் வெறுங்காலோடு நின்று பாடிய ராஜபார்ட், அதான் கதாநாயக வேஷக்காரர், உதடு மைக்கில் பட்டதும் சுள்ளென்று இழுத்திருக்கிறது. மனுஷன் பாட்டை முடித்துவிட்டுத்தான் திட்டினார். அப்புறம் பபூன் வந்து விடிகிற வரைக்கும் மைக்செட்டுக்காரனை வைத்தே ஊரைச் சிரிக்க வைத்தார். அன்றிலிருந்து ஈரம் தட்டுகிற வரை தோண்டித் தண்ணீர் ஊற்றாமல் நான் ஸ்விட்சைத் தொடுவதில்லை.

படிப்பு விஷயம். டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்கு டிகிரி வேண்டும், அது பிறகு பார்க்கலாம். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைக்கிற இடத்துக்கு மட்டும் இப்போதே பணம் கட்டிவிடாதே. என்னைக் கேட்டால் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் 2 வருஷம், லீவு நாளில் மேடை. கணக்கு அவனுக்குப் பிடிக்கும் என்றாயே, அதுக்கு இங்கே வேலை உண்டு. சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும், மேடை ஸ்பீக்கரிலிருந்து 34 மீட்டர் தள்ளிக் கூட்டத்துக்குப் பின்னால் இன்னொரு ஸ்பீக்கர் வைத்தால் அதைப் பத்தில் ஒரு நொடி தாமதப்படுத்தணும், இல்லாவிட்டால் பின்வரிசைக்காரனுக்கு ஒவ்வொரு சொல்லும் ரெண்டாகக் கேட்கும்.

ஏப்ரல் 15க்கு அனுப்பு. தடைக்காலம் முடிகிற வரை என்னோடு சுற்றட்டும், ரெண்டு மாசம் கேபிள் சுற்றியும் ஆசை விடவில்லை என்றால் நீ குறுக்கே நிற்காதே. கருப்புச் சட்டை நான் தருகிறேன். ரப்பர் அடி வைத்த ஷூ மட்டும் நீ வாங்கிக் கொடுத்துவிடு, செருப்போடு வந்தால் மேடையேற விடமாட்டேன்.

உன் மச்சான்,
தங்கச்சிமடம்